அழுத்தாத பட்டன்

"அக்கா, உங்க காதுக்கு எந்தக் குரலும் வந்திருக்கவே முடியாது."

செய்தி மேஜைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, கையில் ஒரு ஒயருடன் நின்றான் டெக்னீஷியன். செய்தி வாசிப்பவரின் இயர்பீஸிலிருந்து இறங்கிய ஒயர் அது. அதன் மறுமுனை எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்திருந்தது.

வாசிப்பவர் அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். "வந்துதே. நல்லாத்தான் இருந்துது."

வராமல் எப்படி? சற்றுமுன் நடந்த ஒத்திகையில் மூன்றாவது செய்தியை விட்டுவிடச் சொன்னார் டைரக்டர், வாசிப்பவர் விட்டார். இரண்டாவது கேமராவைப் பார்க்கச் சொன்னார், பார்த்தார். பத்து செகண்டில் முடிக்கச் சொன்னார். ஒன்பதாவது செகண்டில் வணக்கம் சொன்னார். டைரக்டரின் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் அவனே பார்த்தான்.

மூன்று நாளாக அந்த ஸ்டூடியோவில், பட்டனை அழுத்திப் பேசினால் எதிராளின் காதுக்குக் குரல் போகும் புது இன்டர்காம் பொருத்திக்கொண்டிருந்தான் அவன். கேமராக்களுக்கு நேர் பின்னால் இருந்த கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் டைரக்டர் உட்காரும் கன்ட்ரோல் ரூம். நாளை முதல் அது மாடிக்குப் போகிறது. கண்ணாடி இருக்கும் இடத்தில் புதுச் சுவர் எழும்பும். பிறகு மேலே இருப்பவர்கள் சொல்வது கீழே வர இந்த ஒயர்களை விட்டால் வேறு வழியில்லை. தனியாகத் தொழில் தொடங்கியபின் அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. நான்கு மணிக்கு மேனேஜர் வந்து சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

பழைய லைன் ஏதாவது உயிரோடு இருக்கிறதோ என்று தேடினான். அதைக் காலையில் அவனேதான் வெட்டி எறிந்திருந்தான். சவுண்ட்காரரிடம் சொன்னபோது, ஓடுகிற வண்டியை நிறுத்தி ஏன் ஓடுகிறது என்று கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் அவர்.

ஒயரைச் சரியாகச் செருகிவிட்டு மறுபடி ஒத்திகை வைக்கச் சொன்னான். ஒரு பிசகில்லை. நிம்மதியாகப் போய், யார் யாரிடம் எத்தனை தடவை பேசினார்கள் என்ற பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்தான்.

கேமராமேனுக்குப் பேச டைரக்டர் பட்டன் அழுத்தியது நாற்பத்தொரு தடவை. வாசிப்பவருக்குப் பேச அழுத்தியது, பூஜ்யம்.

அவனுக்குத் தலை சுற்றியது. முதல் ஒத்திகையில் ஒயர் இல்லை. இரண்டாவதில் ஒயர் இருந்தும் குரல் போகவில்லை. ஆனால் சொன்னதெல்லாம் நடந்தது. கேட்டபோது டைரக்டர் பிடிகொடுக்கவில்லை. பழக்க தோஷம், நாளையிலிருந்து அழுத்துகிறேன் என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மிஷின் ரூமில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்துகொண்டு வாசிப்பவர் உள்ளே வந்தார். எப்போதும் நிமிர்ந்தே நடப்பவர், இன்று கைப்பை வாரை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"தம்பி, எனக்கு ஒரு உதவி. என் கேமராவுக்குக் கீழ ஒரு சின்ன டிவி வச்சுக் குடுங்க. மாடியில டைரக்டர் உக்காந்திருக்கறது அதுல தெரியணும். முகம் தெளிவாத் தெரியணும்."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னு கேக்காதீங்க. அவர்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு என்னென்னமோ தோன்றியது. கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள் அவருக்கு. டைரக்டரோ பேரன் எடுத்தவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு நாள்கூட இருக்க முடியாதா என்ன? ஊர் வம்பு நமக்கெதற்கு என்று தலையாட்டி அனுப்பிவைத்தான். ஆனால் டைரக்டருக்குத் தெரியாமல் டைரக்டரின் முகத்துக்கு எதிரே எப்படிக் கேமரா வைப்பது? ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம் என்று மாடியேறினான்.

புது கன்ட்ரோல் ரூமில் டைரக்டர் மட்டும் இருந்தார். தன் நாற்காலிக்கு எதிரே ஒரு சின்னக் கேமராவை வைத்து, அது நழுவாமல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. இந்தப் படம் கீழ அவங்க கேமராவுக்கு அடியில ஒரு டிவில வரணும். யார் கேட்டாலும், புது சிஸ்டத்தோட வந்ததுன்னு சொல்லிடுங்க. முக்கியமா அவங்க கேட்டா."

இருவரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே கேட்கிறார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கேட்கிறார்கள். அவன் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"சார், உங்க சொந்த விஷயம் எதுவும் எனக்குத் தெரிய வேண்டாம். அந்தப் பட்டனை மட்டும் ஏன் அழுத்த மாட்டேங்கறீங்க? நாலு மணிக்கு மேனேஜர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

டைரக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் அழுத்த மறந்துட்டேன். அன்னைக்கும் நான் சொன்னதெல்லாம் அப்படியே செஞ்சாங்க. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

"என்ன சார்?"

"அவங்களுக்குக் காது கேக்காது தம்பி. கண்ணாடி வழியா என் வாயசைவைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமா நியூஸ் வாசிக்கறாங்க. அது எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, நாளைக்கே வேலையை விட்டுடுவாங்க."