முதல் நாள் சாம்பார்

ஹரிணி வைத்த சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் வாட்ச்மேன் மாதையன் எழுந்து வாசலுக்கு ஓடினார். துப்பிவிட்டு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் காலி பண்ணிய பிறகுதான் பேச்சு வந்தது.

"ஏனுங்க, இது சாம்பாருங்களா, உப்பளமுங்களா?"

கேட்டரிங் காலேஜின் மெஸ்ஸில் அறுபது பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அறுபது பேரும் ஹரிணியைப் பார்த்தார்கள்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இறக்கும்போது நன்றாகத்தானே இருந்தது! அளந்து உப்புப் போட்டாள், ருசியும் பார்த்தாள். அப்புறம் கொத்தமல்லி வாங்க ஸ்டோருக்குப் போனாள். அங்கே கணக்கு எழுதும் ரைட்டர் கையெழுத்துக்கு மேல் கையெழுத்து கேட்டதில் கால் மணி நேரம் போய்விட்டது. அந்த நேரத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்!

அந்தக் காலேஜில் ஒரு வழக்கம். வகுப்பு தொடங்கும் முதல் நாள், புதுப் பிள்ளைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ, மதியச் சாம்பார் அவர் தலையில். சீனியர்கள் வாயால் அறிவுரை சொல்லலாம், கையால் தொடக் கூடாது. தொட்டால் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். செஃப் கமலக்கண்ணன் போட்ட சட்டம் அது. அவர் சட்டத்துக்கு மறுபேச்சு கிடையாது, "எஸ் செஃப்" மட்டும்தான்.

அறிவுரைக்குக் காலையில் பஞ்சமே இல்லை.

"ஷூ ஒரு சைஸ் பெருசா வாங்கிக்க. சாயங்காலமானா காலு வீங்கிக்கும்" என்றான் ரெண்டாம் வருஷத்து யுவராஜ்.

"ஊட்டு ஞாபகம் வந்தா வெங்காயம் நறுக்கப் போயிரு கண்ணு. எதுக்கு அழுவறீன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றாள் சசிகலா.

"காலையில வவுறு நெறையச் சாப்பிட்டுட்டு வா. சமைக்கறவனுக்குத்தான் இங்க சோறு கெடைக்காது" என்றான் இன்னொருவன்.

ருசி பார்க்காமல் எதையும் பரிமாறக் கூடாது என்பதை மட்டும் எல்லாருமே ஒரே குரலில் சொன்னார்கள். எத்தனை நல்லவர்கள் என்று காலையில் நினைத்தவளுக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது. அத்தனையும் நடிப்பு!

மெஸ்ஸிலேயே சாப்பிட உட்கார்ந்திருந்த பிரின்சிபால் சாந்தாமேரியின் முன்னால் நேரே போய் நின்றாள்.

"மேடம், சீனியருங்க வேணும்னே உப்பைக் கொட்டியிருக்காங்க. இது ராகிங்குங்க மேடம். நான் ஊட்டுக்கே போயிடறேனுங்க."

சும்மா சொல்லவில்லை. அப்பா வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட் வேலைக்காரர். "சோறாக்கறதுக்கு எதுக்கு சாமி காலேஜு?" என்றவரிடம் மூன்று நாள் பட்டினி கிடந்து வாங்கிய சம்மதம் இது. சமையல் படிக்கப் பட்டினி கிடந்தவள் ஊரிலேயே இவள் ஒருத்திதான். அப்பாவும் விடவில்லை, திங்கட்கிழமை வரை சேலத்தில் ஒரு பி.காம் சீட்டைச் சொல்லிவைத்திருந்தார். ஒரு போன் போட்டால் போதும்.

ராகிங் என்றதும் பிரின்சிபால் முகம் சிவந்துவிட்டது. ரெண்டாம் வருஷப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். பக்கத்தில் செஃப் கமலக்கண்ணன், விறைப்பாக.

"யாரு போட்டீங்க? இப்பவே சொல்லணும். இல்லைன்னா மொத்தப் பேரையும் சஸ்பெண்ட் பண்ணிருவேன்!"

சசிகலா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நாந்தானுங்க மேடம். ஒரே ஒரு பிடி. கெடுக்கோணும்னு போடலைங்க. போன வருசம் சீட்டுல என் பேருதான் வந்துச்சு. பயத்துல உப்பே போடாம எறக்கிட்டேன். மெஸ்ஸே சிரிச்சுதுங்க. எட்டு நாள் அழுதேன். இந்தப் புள்ளையும் மறந்திருக்குமாட்ட இருக்குதுன்னு..."

"ருசி பாத்தியா?"

"இல்லீங்க. செஃப் வந்துருவாரோன்னு அவசரத்துல..."

அவள் முடிப்பதற்குள் யுவராஜ் கையைத் தூக்கினான்.

"நானும் ஒரு பிடி போட்டனுங்க மேடம். சசி அழுதப்போ சிரிச்சதுல நானும் ஒருத்தனுங்க. இந்த வருசமும் ஒரு புள்ள அழுதா நல்லாயிருக்காதுன்னு..."

சசிகலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கும் புதுச் செய்தி.

பின்வரிசையில் ஒரு கை. அதற்குப் பக்கத்தில் ஒன்று. ஜன்னலோரம் இன்னொன்று. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. ஒருத்தரும் ருசி பார்க்கவில்லை.

ஹரிணிக்கு அழுகைதான் வந்தது. ஆனால் காலையில் இருந்து அடக்கிவைத்திருந்த அழுகை அல்ல, வேறு அழுகை. பக்கத்தில் வெங்காயம் கூட இல்லை.

"என்னம்மா, ராகிங்னு எழுதிக் குடுக்கறியா?" என்றார் பிரின்சிபால். குரலில் காரம் இறங்கியிருந்தது.

"வேண்டாமுங்க மேடம். ஊட்டுக்கும் போகலைங்க. இத்தனை பேரு உப்புப் போட்ட பொறவு நான் போயி பி.காம் எப்படிங்க படிக்கறது?"

மெஸ்ஸே சிரித்தது. மாதையன் மட்டும் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சரி. ஆனா சட்டம் சட்டம்தான். செஃப், இந்த அஞ்சு பேரும் ஒரு வாரம் பாத்திரம் கழுவணும். நீங்களே சொல்லிருங்க."

செஃப் உயரமான வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார்.

"அஞ்சு பிடி இல்லீங்க மேடம், ஆறு பிடி. போன வருசம் மொதல்ல சிரிச்சது நாந்தானுங்க."