பூங்காவுக்குப் போய்வந்த அம்மா

தொற்று ஓயாத அந்த மூன்றாம் வருடமும் கேளிக்கைப் பூங்காவுக்குள் பெரியவர்களை விடவில்லை. குழந்தைகள் மட்டும் போகலாம். துணைக்கு, அம்மாவின் முகமும், அவள் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் குரலும் கொண்ட இயந்திரம் ஒன்றைப் பூங்காவே அனுப்பிவைக்கும். திரும்பியதும் குழந்தையும் அதுவும் வீட்டிலேயே ஏழு நாள் தனியறையில் இருக்க வேண்டும்.

நான்கு வயது மகள் யாழிசையை அனுப்பத் தமயந்திக்கு மனமே இல்லை. ஆனால் எதிர்வீட்டு ஜெசிந்தா, தன் மகன் ராட்டினத்தில் சுற்றும் படத்தை வாசற்கதவிலேயே ஒட்டிவைத்திருந்தாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் தமயந்திக்கு வயிறு எரிந்தது.

"பத்தே நிமிஷம் பேசி அனுப்புனேன் தமா. அச்சு அசல் என்னை மாதிரியே பேசுது!" என்றாள் ஜெசிந்தா.

பத்து நிமிடம்தானா? தமயந்தி நான்கு மணி நேரம் பேசிப் பதிவுசெய்து அனுப்பினாள். சோறூட்டும்போது சொல்லும் கதை, தலைவாரும்போது போடும் அதட்டல், 'பூனைக்குட்டி' என்ற செல்லப்பெயர், எதையும் விடவில்லை. ஜெசிந்தா அனுப்பியதைவிடத் தன்னுடையது ஒரு படி மேலாக இருக்க வேண்டாமா?

யாழிசை பூங்காவிலிருந்து வந்து இன்றோடு ஐந்து நாள். தமயந்தி ஊட்டினால் ஒரு மணி நேரம் இழுத்தடிக்கிற பெண், அறைக்குள் அனுப்பிய தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைப்பதில்லை. காலித் தட்டைப் பார்த்தாலே தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா!" உள்ளிருந்து யாழிசை கூப்பிட்டாள்.

"வந்துட்டேன்டி பூனைக்குட்டி!" தமயந்தி கதவருகே ஓடினாள்.

உள்ளே யாழிசையின் குரல் கிசுகிசுத்தது.

"அம்மா, வெளிய யாரோ உன்னை மாதிரியே பேசுறாங்கம்மா."