பாதியான பில்

இதில் ஓர் எழுத்து பொய் என்றாலும், சொல்பவன் வீட்டு மீட்டர் பந்தயக் குதிரையாக ஓடட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் இந்தக் காலத்தில் கிடையாது.

பெட்டிக்காரர் அன்று காலை ஒரு சந்துக்குள் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். கரண்ட் பில்லைக் குறைக்கும் பெட்டி விற்பதால் அந்தப் பெயர். ப்ளக்கில் செருகினால் போதும், பச்சை விளக்கு எரியும், பில் தானாகக் குறையும் என்பது அவர் வாக்கு.

ஒரு வீட்டில் மீட்டர் வெட்கப்பட்டு நின்றே போனது, இன்னொரு வீட்டில் பின்பக்கமாக ஓடி, போன வருடத்து யூனிட்டையும் திருப்பிக் கொடுத்தது என்றெல்லாம் சொல்லி நானூற்றுப் பதிமூன்று பெட்டிகளைத் தள்ளியிருந்தார். வாங்கியவர்கள் போன் செய்தால் அதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளியே பிடிப்பார்.

அவர்கள் திட்டியதைத் தாங்கிக்கொண்டார். மகளைத்தான் தாங்க முடியவில்லை. எலெக்ட்ரிக்கல் படிக்கிற பெண். ஒருநாள் ஸ்க்ரூடிரைவரால் ஒரு பெட்டியைப் பிளந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினாள். ஒரு பச்சை விளக்கு, இரண்டு ஒயர், கனத்துக்கு ஒரு பிடி மணல்.

"இந்த லைட் எரியறதுக்கே கரண்ட் வேணுமே. பில்லு எப்படிக் குறையும்?"

"கம்பெனிக்காரன் சொன்னான்மா. எனக்கென்ன தெரியும்?"

"இப்பதான் தெரிஞ்சுடுச்சே. இனிமேலும் விப்பீங்களா?"

அவர் விற்றார். அன்றோடு அவள் அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "சார், சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்." "சார், கதவைச் சாத்திக்குங்க." ஏழு மாதமாகச் சொந்த வீட்டிலேயே அவர் சார்.

அந்த நிலைமையில்தான் முந்தின நாள் ஒரு போன் வந்தது. "தம்பி, பில்லு பாதிக்கும் கீழ போயிடுச்சு. ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

நான்கு மாதத்துக்கு முன் பெட்டி வாங்கிய வயதான தையல்காரர். திட்டாமல் பேசிய முதல் ஆள். பெட்டிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. நானூற்றுப் பதிமூன்றில் ஒன்றாவது வேலை செய்துவிட்டதா? அந்த ஒரு பில்லை மகளிடம் காட்டினால் போதுமே!

சந்துக் கோடியில் தையல்காரர் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவருடைய சட்டையிலேயே ஒரு பொத்தானைக் காணவில்லை.

உள்ளே ஈ பறந்தால் கேட்கும்போல இருந்தது. போன தடவை உள்ளறையில் ஏதோ ஒன்று கொர்ரென்று இரைந்துகொண்டே இருந்ததும், தொண்டை கிழியக் கத்திப் பெட்டியை விற்றதும் பெட்டிக்காரருக்கு ஞாபகம் வந்தது.

"பாத்தீங்களா ஐயா, சத்தம்கூட அடங்கிடுச்சு! கரண்ட் சீரா வந்தா எல்லாம் அடங்கும்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"ஆமா தம்பி, அடங்கிடுச்சு" என்றார் தையல்காரர்.

இரண்டு பில்களையும் எடுத்துத் துணி வெட்டும் மேசையில் விரித்து வைத்தார். பழையது தொள்ளாயிரத்து ஆறு யூனிட். புதியது முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பெட்டிக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எத்தனையோ பொய்யை அலுங்காமல் சொன்ன மனுஷன், நிஜத்தை மட்டும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். இரண்டையும் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார்.

அடுத்த நிமிடமே பதில் வந்தது. 'நிஜமாவா அப்பா?'

அந்தக் கடைசிச் சொல்லை அவர் மூன்று தடவை படித்தார். பசியோடு கிடந்தவன் இலையை வழித்துச் சாப்பிடுவதுபோல நாலாவது தடவையும் படித்தார்.

"ஐயா, பெட்டியோட உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கவா? எம் பொண்ணுக்கு அனுப்பணும்."

"அதுக்கென்ன, இருங்க."

தையல்காரர் உள்ளறைக்குப் போய்ப் பெட்டியோடு வந்தார். அது அட்டை டப்பாவுக்குள் இருந்தது. மேலே ஒட்டிய டேப் பிரிக்கப்படவில்லை.

"இதைக் குடுக்கத்தான் தம்பி உங்களை வரச் சொன்னேன். நோயாளி இருக்கற வீடு ஏதாவது கண்ணுல பட்டா சும்மாவே குடுத்துடுங்க. பில்லு வந்தாலே பயந்து சாவாங்க, பாவம்."

"ஐயா... நீங்க இதை மாட்டவே இல்லையா?"

"எங்க மாட்டறது? எது அதிகமா கரண்ட் இழுக்குதோ அந்த ப்ளக்குலதான் மாட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க? அதுல எங்க வீட்டுக்காரியோட ஆக்சிஜன் மிஷின் ராத்திரி பகலா ஓடிட்டிருந்துச்சு. ஒரு நிமிஷம்கூடப் புடுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார்."

பெட்டிக்காரரின் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்தான். அவர் எடுக்கவில்லை.

தையல்காரர் டப்பாவின் மேல் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் அதை நீட்டினார்.

"அவ போனப்புறம்தான் தம்பி அந்த ப்ளக் காலியாச்சு."