மாப்பிள்ளை மேல் புகார்

“உங்க மாப்பிள்ளைக்கு இன்னைக்கும் நடுராத்திரியிலேயே விடிஞ்சிருச்சு அண்ணே. ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் பொறுத்துக்குவான்?”

படலைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தார் தையல்காரர். மாப்பிள்ளை என்றது பக்கத்து வீட்டு டிரைவரின் சேவலை. மிடுக்காக நடப்பது, முதல் ஆளாகச் சாப்பிட வந்து நிற்பது, மற்றபடி ஒரு துரும்பையும் அசைக்காதது என்று எல்லாப் பொருத்தமும் பார்த்து டிரைவரின் மனைவி அதற்கு வைத்த பெயர்.

அந்த அம்மா போன மழைக்காலத்தில் இறந்துபோனார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் அதோடு கதவைச் சாத்திக்கொண்டார். ஆறுதல் சொல்ல வந்தவர்களை வாசலோடு அனுப்பிவைத்தார். சாப்பாடு கொண்டுவந்த தையல்காரரின் மனைவியிடம், பசியில்லை என்று ஜன்னல் வழியாகவே சொல்லி முடித்தார். தோட்டத்துச் செடிகள் தண்ணீர் கேட்டுத் தலையைத் தொங்கப்போட்டன.

சேவல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சண்டைக்கு வந்த தையல்காரரை மட்டும் அப்படி அனுப்ப முடியவில்லை. மனைவி பொத்திப் பொத்தி வளர்த்த சேவலை ஒருவர் வாசலில் நின்று குறை சொன்னால், அவள் இருந்தால் விட்டிருப்பாளா? அவளுக்காக டிரைவர் கதவைத் திறந்துகொண்டு வந்து வாதாடினார்.

கூண்டு தன் படுக்கையறைப் பக்கம் இருப்பதுதான் கோளாறு என்றார் தையல்காரர். இருவருமாகத் தூக்கிக் கிணற்றடிக்கு மாற்றினார்கள். அங்கே வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கிறது, அதனால்தான் கத்துகிறது என்று அடுத்த புகார் வந்தது. கழி நட்டுப் பந்தல் போட்டு அவரைக்கொடி ஏற்றினார்கள். செடிகள் காய்ந்து கிடப்பதைப் பார்த்துச் சேவலுக்கு மனசு சரியில்லை என்று ஒரு நாள் வந்து நின்றார். இது கொஞ்சம் அதிகம்தான் என்று டிரைவருக்குப் பட்டது. ஆனாலும் வாளியை எடுத்தார்.

இப்போது செம்பருத்தி பூத்திருந்தது. பந்தல் முழுக்க ஊதாப்பூ. சேவல் மட்டும் திருந்தவில்லையாம். தூக்கம் கெட்டு, துணிக்குப் பதிலாக விரலைத் தைத்துக்கொள்ளப் போகிறேன், என் பிழைப்பே போகப்போகிறது என்று நேற்றுச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் தையல்காரர். அதைக் கேட்டு டிரைவரின் முகம் வாடிவிட்டது. அவள் தொட்டு வளர்த்ததில், கூப்பிட்டால் ஓடிவருவது அந்தச் சேவல் ஒன்றுதான்.

இன்றைக்கு டிரைவர் வாதாடவில்லை. பந்தலுக்கடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னார். உள்ளே அடுப்பில் டீ கொதிக்கும் வாசனை வந்தது.

“எத்தனை மணிக்குக் கூவினான்?”

“மணியெல்லாம் யாரு பார்த்தா? கும்மிருட்டு. பேய்கூடப் புரண்டு படுத்திருக்கும்.”

“குரல் எப்படி இருந்துச்சு?”

தையல்காரர் சற்று யோசித்தார். “கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு. ஜலதோஷமோ என்னவோ.”

“அடடா. ஒரு தடவையோட விட்டுட்டானா?”

“அவனா விடுவான்? நான் எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். சரி, எழுந்து சாமியாவது கும்பிடுவோம்னு கண்ணை மூடினா, அங்கேயும் கொக்கரக்கோ. கடவுளே சிரிச்சிருப்பார்.”

“பாவம், தூக்கமே இல்ல உங்களுக்கு.”

“பொட்டுத் தூக்கம் இல்லண்ணே” என்றார் தையல்காரர். அவர் கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் அழியாமல் கோடு போட்டிருந்தது.

டிரைவர் உள்ளே போய் இரண்டு டம்ளர்களோடு வந்தார். தையல்காரர் ஊதி ஊதிக் குடித்தார். அவரைக்கொடியில் அசுவினிப் பூச்சி ஒட்டியிருக்கிறது, சாம்பல் தூவ வேண்டும் என்றார். செம்பருத்தியைக் கொஞ்சம் கழித்துவிட்டால் இன்னும் பூக்கும், நாளைக்குக் கத்தரிக்கோலோடு வருகிறேன் என்றார். டீ தீர்ந்ததும்தான் வந்த வேலை நினைவுக்கு வந்தது.

“நீங்க செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க. நானே நேர்ல ரெண்டு வார்த்தை கேட்டுடறேன்” என்று எழுந்து, டம்ளரும் கையுமாகக் கூண்டை நோக்கி நடந்தார்.

கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சிவப்பு இறகு மட்டும் இருந்தது.

“எங்கண்ணே அவன்?”

“நேத்து சாயங்காலமே எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டேன். ரெண்டு ஊர் தள்ளி. என் வீட்டுச் சேவலால உங்க பிழைப்பு கெடக் கூடாதில்ல.”

தையல்காரர் காலி டம்ளருக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்து நின்றார். காது மட்டும் சிவந்துகொண்டே போனது.

டிரைவர் அந்த டம்ளரை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, தன் பங்கு டீயில் பாதியை அதில் ஊற்றி நீட்டினார்.

“சாயங்காலம் ரெண்டு பேருமா போய் அவனைக் கூட்டிட்டு வந்துடுவோம். ஆனா, அவன் கூவலேன்னாலும் காலையில நீங்க வந்துடுங்க.”