காற்று நுழைந்த வழி

“மிதி. இன்னொரு தடவை மிதி... அப்படியே அமுக்கிப் பிடி. விட்டுடாதே!”

காரின் பின்சக்கரத்துக்கு அருகே வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்த கணவர் சற்று அதட்டலாகவே சொன்னார். ஓட்டுநர் இருக்கையில் இருந்த மனைவி, பிரேக் பெடலை மிதித்தபடி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிடிச்சிருக்கேன்” என்றாள்.

அவர் சக்கரத்தின் பின்னால் இருந்த சிறிய திருகைத் தளர்த்தினார். பிளாஸ்டிக் குழாய் வழியாக எண்ணெயும் காற்றுக் குமிழிகளும் வந்து ஜாடியில் விழுந்தன. திருகை முறுக்கிவிட்டு, “இப்ப விடு” என்றார். அவள் காலை எடுத்தாள்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அவளுடைய தம்பிக்கு, இதைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. அவன் பஸ் டிப்போவில் பிரேக் வேலை பார்ப்பவன்.

“என்ன மாமா இது? போன வாரம் வந்தப்பவும் இதே வேலை, முந்தாநாளும் இதே வேலை. துணி கிழிக்கிற கைக்கு ஸ்பேனர் எதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

துணிக்கடை ஊழியரான கணவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தும்மல் முந்திக்கொண்டது. அடுக்கடுக்காக நாலைந்து.

“பிரேக்குல காத்து ஏறிப் பெடல் தொளதொளன்னு உள்ளே போகுது மாப்ளே” என்றார் மூக்கைத் துடைத்தபடி. “சாயந்தரம் சரி பண்றேன். காலையில மிதிச்சா திரும்பவும் அதே கதை.”

தம்பி அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். “அதுக்கு அக்காவையா இழுத்து வச்சு வேலை வாங்குறது? பிள்ளையைப் பறிகொடுத்தவ மாமா அவ. கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேணாமா?”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காய்ச்சலில் மகள் போனபோது, ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் இருவரும் மட்டும் திரும்பி வந்தது இந்த வண்டியில்தான். குழந்தைக்குப் போர்த்திய நீலப் போர்வை இன்னும் பின்சீட்டிலேயே கிடந்தது. அதன் பிறகு வண்டி வாசலைத் தாண்டவில்லை.

அவளும் அறையைத் தாண்டவில்லை. அழவும் இல்லை. யார் வந்து பேசினாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். கணவர் கதவோரம் வந்து நின்று, “ஒத்தை ஆளால ஆகலை, கொஞ்சம் வாம்மா” என்று சொன்னால் மட்டும், தூக்கத்தில் நடப்பவளைப் போல எழுந்து வந்து வண்டியில் உட்காருவாள்.

“சாப்பிட்டாளா?” என்று கேட்டான் தம்பி.

“இது முடிஞ்சதும் கையைக் கழுவிட்டு ரெண்டு வாய் சாப்பிடுவா.”

தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டான். நாலு சக்கரத்தையும் தடவிப் பார்த்தான். பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தான். எங்கும் ஈரமில்லை.

“ஒரு சொட்டு ஒழுகலை. வண்டியும் ஓடலை. யாராவது திருகைத் தளர்த்திட்டுப் பெடலை மிதிச்சாத்தான் இப்படிக் காத்து நுழையும். பேயா வந்து மிதிக்குது? நேத்து நல்லா முறுக்கினீங்களா மாமா?”

“முறுக்கினேன் மாப்ளே. சத்தியமா நல்லா முறுக்கினேன்.”

சத்தியம் என்று சொல்லிப் பொய் பேசுகிறவர் அல்ல அவர். தம்பிக்கும் அது தெரியும்.

“அப்ப எண்ணெயைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்தான். உள்ளே ரப்பர் தேஞ்சிருக்கும். நாளைக்கு வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போயிடறேன். எங்க டிப்போவுல காத்தை உறிஞ்சி எடுக்க மெஷின் இருக்கு. கால் வைக்க ஆளே தேவையில்லை. அக்கா பாட்டுக்கு உள்ளே படுத்திருக்கட்டும்.”

கணவர் கையிலிருந்த ஜாடி சாய்ந்து, எண்ணெய் தரையில் வழிந்தது.

“வேணாம் மாப்ளே.”

“ஏன்?”

“வேணாம். வண்டி இங்கேயே இருக்கட்டும்.”

“உடும்புப் பிடி மாமா உங்களுக்கு! அக்கா, நீயாவது சொல்லேன்.”

கேட்டானே தவிர, அவன் பதிலை எதிர்பார்க்கவில்லை. ‘பிடிச்சிருக்கேன்’ என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு சொல் வந்து வெகு நாளாகியிருந்தது.

“இருக்கட்டும்டா” என்றாள் அவள், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். “என் கால் சும்மாதானே இருக்கு.”

தம்பி சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன.

“என்னமோ பண்ணுங்க. புதுச் சிலிண்டர் ஒண்ணு வாங்கி வைக்கிறேன், மனசு மாறினா கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுத் தம்பி கிளம்பினான். கேட்டருகே நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

மிச்சமிருந்த சக்கரங்களையும் இருவரும் முடித்தார்கள். மிதி, பிடி, விடு. கடைசியாக அவள் மிதித்தபோது பெடல் பாதியிலேயே கெட்டியாக நின்றது.

அவர் கொட்டிய எண்ணெயைப் பழந்துணியால் ஒற்றி எடுத்தார். மறுபடியும் தும்மினார். அவள் வண்டியை விட்டு இறங்கி, மண் அப்பியிருந்த அவருடைய வெறுங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படியேறிப் போனவள் கதவருகே நின்றாள்.

“நாளைக்கு விடியக்காலையில பிரேக்குல காத்து விட வர்றப்போ, செருப்பைப் போட்டுக்கிட்டே வாங்க. சத்தம் கேட்டாப் பரவாயில்ல, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்.”