துப்பின பால்

"பாலைத் துப்பிட்டாரு!"

பொன்னுத்தாயி போட்ட சத்தத்தில், வாசலில் நின்ற ஆம்பளைகள் எல்லாம் உள்ளே ஓடி வந்தார்கள்.

கட்டிலில் அவள் அப்பா சேவுகப்பெருமாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். வாதம் வந்து பேச்சு நின்று வருஷம் ஒன்றாகிறது. டாக்டர் கையை விரித்துவிட்டார். விடிந்ததிலிருந்து ஆளுக்கு ஒரு கரண்டி பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மதுரையிலிருந்து அடித்துப் பிடித்து வந்த பொன்னுத்தாயி ஊற்றினாள். மடக்கென்று உள்ளே போனது. மகன் மருதுபாண்டி ஊற்றினான், போனது. வரப்புச் சண்டையில் பேச்சை முறித்துக்கொண்ட பங்காளி ஊற்றினான், அதுகூடப் போனது.

மருமகள் ரேணுகா ஊற்றினதுதான் போகவில்லை. இடது கையைத் தாடைக்குக் கீழே ஏந்திக்கொண்டு ஊற்றினாள். கிழவர் வாயிலேயே வைத்திருந்து, தலையைச் சாய்த்து, அவள் உள்ளங்கையில் துப்பிவிட்டார்.

"மாமா, நான்தான் மாமா. ரேணுகா."

இன்னொரு கரண்டி கொடுத்தாள். அதையும் துப்பினார்.

"பேச முடியாத மனுசன், போற நேரத்துல காட்டிக் குடுத்துட்டாரு பாத்தீகளா?" என்றாள் பங்காளி வீட்டுக்காரி.

பொன்னுத்தாயி கரண்டியைப் பிடுங்கினாள். "விடுடி. நிம்மதியாப் போகட்டும்."

"நான் என்ன மதினி செஞ்சேன்?"

"நீதான் சொல்லணும். பொங்கலுக்கு வந்தப்ப எங்கப்பா வாய் நாறின நாத்தத்துல என்னால நிலைப்படியத் தாண்ட முடியல. பல்லு விளக்கி விடக்கூட உனக்குக் கை நோகுதாக்கும்?"

பொங்கலுக்கு அப்புறம் இப்போதுதான் அவள் வருகிறாள். அதை யாரும் கேட்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டில் கிடந்தது. ரோஸ் கலரில் பாதித் தண்ணீர். பொன்னுத்தாயி தூக்கிக் காட்டினாள். "இது என்னது?"

"ஈறெல்லாம் சீழ் வச்சிருந்துச்சு மதினி. பல் டாக்டர் குடுத்த மருந்துத் தண்ணி."

"கட்டிலோட கெடக்குற மனுசனுக்குப் பல்லு வைத்தியமா? பல்லக் காட்டிக்கிட்டு எந்த ஊருக்குப் பொண்ணு பாக்கப் போறாரு?"

சாவு வீடாகப் போகிற வீடு என்றும் பார்க்காமல் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"என்னத்தையோ ஊத்திருக்கா. அதான் இவ கையக் கண்டாலே மனுசன் மிரள்றாரு" என்றாள் பொன்னுத்தாயி.

மருதுபாண்டி புதுவயல் மில்லில் லாரி ஓட்டுகிறவன். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். பெண்டாட்டியைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஏதாச்சும் செஞ்சியா?"

அதுவரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த ரேணுகா, அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

உச்சி வேளைக்குச் சேவுகப்பெருமாள் போய்ச் சேர்ந்தார்.

குளிப்பாட்டிக் கிடத்தி வாய்க்கரிசி போடும்போது, ரேணுகாவும் ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு வந்து நின்றாள். பொன்னுத்தாயி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட இருந்தப்பத் துப்பினது போதாதா? இப்ப அவரால துப்பக்கூட முடியாதுடி."

அரிசி கீழே சிந்தியது. அள்ளிக் கொடுக்க ஒருத்தரும் குனியவில்லை. தேர் கிளம்பிவிட்டது.

ரேணுகா கொல்லைப்புறக் குழாயடியில் போய் உட்கார்ந்தாள். பால் துப்பின கையைக் கழுவவில்லை. 'மாமாவுக்கு அப்படி என்ன குறை வச்சேன்?' என்று அவளுக்கே தெரியவில்லை.

பொம்பளைகள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, முக்காடு போட்ட ஒரு பெண் கேதம் கேட்க வந்தாள்.

"ரேணுகாக்கா எங்கம்மா? நான் நஸ்ரின். காரைக்குடியில பல் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன். ஐயாவுக்கு ஈறு சுத்தம் பண்ண டாக்டரோட வந்தவ."

"நீதானா? எங்கப்பா வாயில என்னத்தம்மா ஊத்துனீக?"

"சுத்தம் பண்றப்ப மருந்துத் தண்ணிய ஊத்தி ஊத்தித்தான் சீழக் கழுவணும். ஐயா அம்புட்டையும் முழுங்கப் பாத்தாக. அது வயித்துக்குள்ள போகக் கூடாதும்மா. அவுகளுக்குத் துப்பவே மறந்து போச்சு."

"அப்புறம்?"

"அக்காதான் தன் வாயில பச்சைத் தண்ணிய வச்சுக் கொப்புளிச்சுத் துப்பிக் காட்டினாக. பச்சப்புள்ளைக்குப் பழக்குற மாதிரி. கிண்ணத்தக் கண்டா ஐயா மூஞ்சியத் திருப்பிக்கிருவாக. அதனால அக்கா வெறுங்கையத்தான் ஏந்துவாக. அந்தச் சீழும் ரத்தமும், எங்களுக்கே கொமட்டும்மா. காலையும் சாயங்காலமும் அக்கா தாடைக்குக் கீழ கைய ஏந்தினாப் போதும், அந்தக் கையில துப்பிருவாக."

பொன்னுத்தாயியின் கையில் இருந்த விளக்குமாறு நின்றது.

"அப்ப... நாங்க குடுத்த பாலை மட்டும் முழுங்கினாரே?"

நஸ்ரினுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. உள்ளதைச் சொன்னாள்.

"உங்க கையெல்லாம் ஐயாவுக்குப் புதுக் கைதானேம்மா."