கோபன்ஹேகனில் ஓர் அறை

இன்னும் இருபத்திரண்டு மணி நேரம்.

தந்தி அலுவலகத்துச் சுவர்க் கடிகாரத்தில் நான்கு பத்து. அதில் நாலரை மணியைக் கழித்தால் கோபன்ஹேகன். அங்கே இன்னும் உச்சிப் பொழுதுகூட ஆகவில்லை.

நாளைக் காலை ஒன்பது நாற்பதுக்கு அந்த ஊர் விமான நிலையத்தில் ஒரு ஆள், பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் எதிர்பார்க்கிற யாரும் இறங்கப் போவதில்லை.

வள்ளிக்கண்ணு வரிசையில் ஐந்தாவதாக நின்றாள். கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து மடித்து, இனி மடிக்க முடியாத அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

எல்லாம் ஒரு படப் புத்தகத்துக்கு ஆசைப்பட்டதால் வந்தது.

நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. அதில் துறைமுகத்தைப் பார்த்த ஒரு ஹோட்டலின் விளம்பரம். கீழே ஒரு படிவம். நிரப்பி அனுப்பினால், ஊரில் பார்க்க வேண்டிய இடங்களின் படப் புத்தகம் இலவசம். பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கடற்கன்னி. விளக்குத் தோரணங்களோடு டிவோலித் தோட்டம். படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளமாகவே சுற்றிச் சுற்றி மேலேறும் வட்டக் கோபுரம்.

மலைக்கோட்டையில் மூச்சு வாங்க ஏறி இறங்கியவள் அவள். அந்தக் கோபுரத்தைப் படத்திலாவது பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

நூலகப் பத்திரிகையைக் கிழிக்க மனம் வரவில்லை. அளவுகோல் வைத்து, படிவத்தை வெள்ளைத் தாளில் அப்படியே வரைந்துகொண்டாள்.

அவள் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. படிவத்தில் எந்த இடத்தையும் காலியாக விட்டுப் பழக்கமில்லை. விட்டால் மார்க் போய்விடும். வருகிற தேதி என்றிருந்தது; ஒரு தேதியை எழுதினாள். விமான நேரம் என்றிருந்தது. டிராவல்ஸ் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து எழுதினாள். அறை: இருவருக்கு. ஜன்னல்: கடல் பக்கம்.

பெயர் என்ற கோட்டில் தன் பெயரை எழுதவில்லை.

தனியாக ஒரு பெண் கேட்டால் அனுப்புவார்களோ மாட்டார்களோ என்றுதான். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புத்தகம் வந்தது. கூடவே ஒரு கடிதமும். தங்கள் அறை உறுதி செய்யப்பட்டது. விமான நிலையத்துக்கு எங்கள் ஆள் வருவார்.

ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டு வாசலில், தபால்காரர் உறையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையேம்மா. கதவு நம்பர் சரியா இருக்கேன்னுதான் கொண்டாந்தேன்."

நல்லவேளை, வாசலில் அவள் மட்டும்தான் நின்றாள். கடிதம் கடல் தாண்டி வந்து சேர இருபது நாள் பிடித்திருந்தது. அது நேற்று.

இன்று, அவள் பாடம் நடத்தும் தென்னூர் டுடோரியலில், வெளிநாட்டுக்குத் தந்தி கொடுப்பது எப்படி என்று பியூனிடம் கேட்டாள். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த இங்கிலீஷ் கிளமென்ட் சார் காதில் அது விழுந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அவரோடு அவள் பேசியதெல்லாம் சாக்பீஸ் இருக்கிறதா, இல்லையா என்பதுதான்.

"நானும் அந்தப் பக்கந்தான் டீச்சர். வாங்க, போவோம்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தவர்கள் கோபன்ஹேகனில் போட்ட ரூம், ரத்து செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னாள். தென்னூரிலிருந்து கூடவே வந்தவர் இப்போது அவளுக்குப் பின்னால் நிற்கிறார்.

"கோபன்ஹேகனுக்கு உங்க ஊரு லால்குடி தாண்டிப் போகணுமா டீச்சர்?"

அவள் சிரிக்கவில்லை.

"எங்க அண்ணன் அண்ணியக் கூட்டிக்கிட்டு வேளாங்கண்ணி போனாரு. எங்க வீட்டுல அதுதான் ஃபாரின் டூர்."

வரிசை ஒரு அடி நகர்ந்தது. தந்தித் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதிலுள்ள பெயர் அவர் கண்ணில் படக்கூடாது. தாள் அப்படியே கவுன்ட்டர் கம்பிக்குள் போய்விட்டால் போதும். நாளையிலிருந்து பழையபடி சாக்பீஸ் கேட்டுக்கொண்டு இருந்துவிடலாம்.

அவள் முறை வந்தது.

கவுன்ட்டரில் இருந்தவர் பென்சிலால் ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டி, வாய்விட்டே படித்தார். ரூம். கேன்சல். பதினெட்டாம் தேதி.

பென்சில் நின்றது.

மற்றதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். பெயரை மட்டும் மிகச் சின்னதாக.

"இது என்னம்மா, எறும்பு ஊர்ற மாதிரி? யார் பேர்ல இருக்கு ரூமு?"

"கொடுங்க, மறுபடி எழுதறேன்."

"எழுத வேணாம்மா, பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க. சொல்லுங்க, நானே போட்டுக்கறேன். பேரு தப்பாப் போச்சுன்னா அங்க ரத்தாகாது."

"இப்படிக் கொடுங்க சார், நான் படிக்கறேன்" என்றார் கிளமென்ட். "டீச்சருக்கு அடுத்த பீரியடு நான்தான். தினம் இந்தக் கையெழுத்தைத்தான் போர்டுலேருந்து அழிக்கறேன்."

அவர் கை அவள் தோளைத் தாண்டிக் கம்பிக்குள் நீண்டது.

வேறு பெயர் சொல்லிவிடலாம். நாக்கு நுனிக்குப் பத்துப் பெயர் வந்தது. எதைச் சொன்னாலும், அட்டையோடு அந்த ஆள் நாளைக்கு வந்து நிற்கத்தான் போகிறான்.

கவுன்ட்டர்காரர் தாளை அவர் பக்கம் திருப்பினார்.

வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்காத குரல் வள்ளிக்கண்ணுவுடையது. இப்போது வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டது.

"மிஸ்டர் அண்ட் மிஸஸ் கிளமென்ட்."